லேசர் வெட்டிய தகடு ஏன் வளைகிறது?



சென்ற ஆண்டு நம் நூலகத்தின் முகப்பில் வைப்பதற்காக எவர்சில்வர் தகட்டில் எழுத்துகள் வெட்டி வாங்கினோம். வெளியூர்ப் பட்டறை ஒன்றில் லேசர் இயந்திரம் கொண்டு வெட்டியவை அவை. பொட்டலம் பிரித்த அன்று ஆசிரியைகளும் சிஸ்டர்களும் மாணவியருமாகக் கூடி நின்று பார்த்தோம். 'நூ'வின் சுழியும் 'க'வின் வளைவும் அச்சில் வார்த்தாற்போல் இருந்தன. விரலால் தடவினால் பிசிறு இல்லை. ஆனால் எழுத்துகளுக்கு அடியில் பொருத்துவதற்கென்று இரண்டு விரல் அகலத்தில் ஐந்தடி நீளப் பட்டை ஒன்று இருந்தது. அது மட்டும் எங்களை ஏமாற்றிவிட்டது. தரையில் வைத்தால் நடுவில் எழும்பி நின்றது. நூல் பிடித்துப் பார்த்தால் பக்கவாட்டிலும் அரிவாளைப் போல இலேசாக வளைந்திருந்தது.

அப்போது பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், லேசர் தகட்டைத் தொடுவதே இல்லை என்றுதானே படித்தோம்? உளி படவில்லை, ரம்பம் படவில்லை, கத்தரி படவில்லை. தொடாத பட்டையை எது வளைத்தது?"

நல்ல கேள்வி. ஆனால் அதற்குள் மணி அடித்துவிட்டது. "வெப்பம்தான் வளைத்தது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு வார்த்தையில் முடிகிற பதில் அல்ல அது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்தக் கடனை இந்த மலரின் பக்கங்களில் தீர்க்கலாம் என்று நினைக்கிறேன். வீடு கட்டுவோர், கம்பிக்கதவு செய்வோர், படகு வைத்திருப்போர் எனப் பெற்றோரில் பலருக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் லேசரைப் பற்றிச் சில சொற்கள். 1960ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவர் செயற்கை மாணிக்கக் கல்லிலிருந்து முதல் லேசர் ஒளியை எழுப்பினார். உலோகத்தை அறுக்கும் வலிமை அந்த ஒளிக்கு வந்தது சிறிது பின்னர்தான். அதில் நம் நாட்டவர் ஒருவரின் பங்கு பெரிது. மகாராஷ்டிர மாநிலம் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்த குமார் பட்டேல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1964இல் கரியமில வாயு லேசரைக் கண்டுபிடித்தார். பின்னாளில் பட்டறைகளுக்குள் நுழைந்த பெரிய வெட்டு இயந்திரங்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவையே. 1967இல் இங்கிலாந்தில் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் என்பவர் லேசர் கதிரோடு ஆக்சிஜன் வாயுவையும் பீய்ச்சி, ஒரு மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார். கதிர் உருக்க வேண்டும், வாயு ஊதித் தள்ள வேண்டும் என்ற ஏற்பாடு அன்று தொடங்கியது. இன்றைய பட்டறைகளில் மெல்லிய கண்ணாடி இழைக்குள் பிறந்து வரும் லேசர்தான் மிகுதி. ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்காத சிறுமி நம் பள்ளியில் இருக்கமாட்டாள். ஒளியைச் சிறு புள்ளியில் குவித்தால் வெப்பம் பெருகும் என்பதே அங்கு நாம் கண்டது. லேசர் இயந்திரத்திலும் அதுவே நடக்கிறது. ஒரு கிலோவாட் கதிரை 0.2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள புள்ளியில் குவித்தால், அந்தப் புள்ளியின் மேல் விழும் ஒளி உச்சி வெயிலைவிட ஏறத்தாழ மூன்று கோடி மடங்கு அடர்த்தியானது. கணக்கைப் போட்டுப் பாருங்கள், வரும். கிலோவாட் என்றதும் பயப்பட வேண்டாம், நம் விடுதிச் சமையலறையின் மின்சார அடுப்புக்கு வேண்டியதும் ஏறக்குறைய அதே அளவுதான். ஊசி முனையளவு இடத்தில் அது முழுவதும் விழுவதுதான் வேறுபாடு. எஃகு 1500 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிய வெப்பத்தில் உருகும். உருகியதை வாயு கீழே தள்ளிவிட, கதிர் நகர்ந்துகொண்டே போகிறது.

உருகிப் போன பகுதியைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. அது தகட்டை விட்டே போய்விட்டது. உருகும் அளவுக்குச் சூடாகாமல், ஆனால் நன்றாகச் சூடாகி, தகட்டோடு தங்கிவிட்ட ஓரம் ஒன்று இருக்கிறதே, அதில்தான் கதை இருக்கிறது.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதை உங்கள் தாத்தா பாட்டிமார் பார்த்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். பட்டை, மரச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறியதாகவே அடிக்கப்படும். அதைச் சுற்றி வரட்டி அடுக்கிக் கொளுத்துவார்கள். பட்டை பழுக்கக் காய்ந்ததும் குறடால் தூக்கிச் சக்கரத்தின் மேல் பொருத்தி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். 'சொய்' என்று ஆவி எழும். பட்டை சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எஃகு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு விரியும் என்று பாடத்தில் மனப்பாடம் செய்கிறோம் அல்லவா? ஐந்தடிக் குறுக்களவுள்ள சக்கரத்தின் சுற்றளவு 4.8 மீட்டர். 500 டிகிரி சூடேறினால் பட்டை 29 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்துக்கு மேல் நீளும். பரீட்சைத் தாளில் வரும் அந்தச் சின்ன எண்ணை வைத்துத்தான் ஆசாரி சக்கரம் கட்டினார், எண் தெரியாமலேயே.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆறிய பட்டை மேலும் சுருங்க விரும்புகிறது, மரம் விடுவதில்லை. ஆகவே அந்தப் பட்டை ஆயுள் முழுவதும் இழுபட்ட நிலையிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் இழுக்கவில்லை. உள்ளேயே ஓர் இழுவிசை தங்கிவிட்டது. இத்தகைய உள்விசையைத்தான் பொறியியலார் தங்கிய தகைவு என்கிறார்கள்.

லேசர் வெட்டும் தகட்டில் பட்டையும் மரமும் ஒரே பொருள்தான். வெட்டின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு சூடேறுகிறது. அது நீள விரும்புகிறது. அடுத்திருக்கும் குளிர்ந்த தகடு இடம் கொடுப்பதில்லை. எவ்வளவு தூரம் அது பொறுத்துக்கொள்ளும்? நீளவிடாமல் தடுக்கப்பட்ட எஃகில் ஒரு டிகிரிக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 2.4 நியூட்டன் வீதம் தகைவு ஏறும். சாதாரண எஃகு 250 நியூட்டன் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் நிரந்தரமாக உருமாறிவிடும். ஆக, 100 டிகிரி வெப்ப வேறுபாடே போதும், கொதிக்கும் தண்ணீரின் சூடு! வெட்டின் ஓரமோ ஆயிரம் டிகிரியைத் தாண்டுகிறது. எனவே அந்தச் சூடான கோடு நீள முடியாமல் தனக்குள்ளேயே நசுங்குகிறது. சிறிது நேரத்தில் ஆறுகிறது. நசுங்கிக் குட்டையாகிப் போனது ஆறும்போது இன்னும் சுருங்குகிறது. இப்போது அது அக்கம்பக்கத்தை இழுக்கிறது. அகலமான தகடாக இருந்தால் அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். ஒல்லியான பட்டையாக இருந்தால் இழுத்த பக்கம் வளைந்துவிடும்.

எவர்சில்வர் இந்த விஷயத்தில் இன்னும் மோசம். நாம் புழங்கும் வகை ஒரு டிகிரிக்குப் பத்து இலட்சத்தில் 17 பங்கு விரிகிறது. வெப்பத்தைக் கடத்துவதிலோ சாதாரண எஃகின் மூன்றில் ஒரு பங்குதான். எவர்சில்வர்ப் பாத்திரத்தின் அடியில் சோறு ஒரே இடத்தில் தீய்வதற்கும் இந்தக் குணமே காரணம். சூடு பரவாமல் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. மேலே போட்ட கணக்கை இதற்கும் போட்டால் 60 டிகிரியிலேயே அது விட்டுக்கொடுக்கத் தொடங்கும்.

நம் பட்டையைப் பாருங்கள். முதல் ஓரத்தை வெட்டும்போது அது பெரிய தகட்டோடு ஒட்டியிருந்தது. வெப்பம் பரவ இடம் இருந்தது, பிடித்துக்கொள்ளவும் துணை இருந்தது. இரண்டாம் ஓரத்தை வெட்டும்போது அது ஒரு குச்சி. ஆகவே அந்தப் பக்கம் அதிகம் சுருங்கி, பட்டை அரிவாள் ஆயிற்று.

அப்படியானால் நடுவில் எழும்பி நின்றது ஏன்? அதற்குப் பெரும்பாலும் லேசரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆலையிலிருந்து தகடு பாய் போலச் சுருட்டியே வருகிறது. அதைப் பிரித்து, உருளைகளுக்கிடையே விட்டு நேராக்கி விற்கிறார்கள். பார்வைக்கு நேரானதே தவிர, மேற்புறமும் கீழ்ப்புறமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஒரு சமரசத்தில் நிற்கின்றன. வெட்டியதும் சமரசம் குலைகிறது. வீட்டில் வெங்காயத்தாளை நீளவாக்கில் கீறித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், சிறிது நேரத்தில் சுருண்டு வளையும். முழுத் தண்டாக இருந்தபோது உள்ளே அடங்கியிருந்த இழுவிசைகளே கீறியதும் வெளிப்படுகின்றன. பட்டறைகளில் இதை அறியாமல் லேசரின் மேல் பழி போடுவோர் உண்டு. லேசரில் வெப்பமே கிடையாது, அது குளிர்ந்த வெட்டு என்று விளம்பரம் செய்வோரும் உண்டு. இரண்டும் தவறு. கேஸ் கட்டிங்கில் வெப்பம் தாக்கும் ஓரம் பல மில்லிமீட்டர் அகலம் இருக்கும். மெல்லிய தகட்டில் லேசரால் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. குறைவுதான், இல்லாமல் இல்லை.

தகடு வளைந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும், திருத்தலாம். வளைய முடியாதபடி தடிமனாக இருந்தால் தகைவு உள்ளேயே அடைந்து கிடக்கும். அதுதான் ஆபத்து. 1943ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத் துறையில் ஷெனெக்டடி என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல் கட்டப்பட்டு நின்றது. வெள்ளோட்டம் முடிந்து சில நாள்களே ஆகியிருந்தன. அலை இல்லை, புயல் இல்லை. திடீரென்று ஒரு மைல் தூரம் கேட்கும் ஓசையோடு கப்பலின் மேல்தளமும் இரு பக்கங்களும் பிளந்து, நடுவில் ஏறக்குறைய இரண்டாக ஒடிந்தது. ஆணி அறைந்து கட்டும் பழைய முறையை விட்டு, வெல்டிங் செய்து வேகமாகக் கட்டிய கப்பல் அது. வெல்டிங்கின் குறைகளும் அது உள்ளே விட்டுச்சென்ற தகைவும்தான் காரணம் என்று முதலில் கருதினார்கள். அந்நாளைய எஃகு குளிரில் கண்ணாடி போல நொறுங்கும் தன்மையுடையது என்பதும், மூலைகளின் அமைப்பு சரியில்லை என்பதும் பின்னர் தெரிய வந்தன. கடலில் எத்தனையோ புயலில் படகு உடைவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அசையாத தண்ணீரில் நின்ற கப்பல் ஒடிந்தது என்பது புதுமையாக இருக்கிறது அல்லவா?

நம் ஊரில் அவ்வளவு குளிர் இல்லை. ஆனால் நம்மிடம் உப்பு இருக்கிறது. பெரியபட்டினத்தில் காலையில் கழுவி வைத்த சைக்கிளின் கைப்பிடியை மாலையில் நாக்கில் வைத்தால் கரிக்கும் (வைக்கச் சொல்லவில்லை!). எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது அதிலுள்ள குரோமியத்தால். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய படலம் விரிக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் இரண்டு மூன்று கூறே அதன் தடிமன். காற்றையோ ஆக்சிஜனையோ ஊதி வெட்டினால், சூடான ஓரத்தில் இந்தப் படலம் கெட்டு மஞ்சளாகவோ கருப்பாகவோ மாறும். அதற்கு அடியில் குரோமியம் குறைந்துவிடும். உப்பு நுழைய அந்த வழி போதும். நம் எழுத்துகளின் ஓரம் வெள்ளியாய் மின்னாமல் மஞ்சள் பூத்திருந்ததை வந்த அன்றே சிலர் கவனித்தார்கள். வாடைக் காற்றுக் காலம் முடிந்தபோது, சரியாக அந்த ஓரங்களில்தான் தேநீர் வடிந்தாற்போல் பழுப்புக் கோடுகள் தோன்றின. எழுத்தின் முகத்தில் ஒரு புள்ளி கூட இல்லை.

சாதாரண எஃகுத் தகட்டிலும் இதே கதை வேறு விதமாக நடக்கும். ஆக்சிஜன் ஊதி வெட்டிய ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் ஆக்சைடுத் தோல் படியும். அதன் மேலேயே வண்ணம் பூசினால், பூசிய அன்று அழகாக இருக்கும். தோல் உரியும்போது வண்ணமும் சேர்ந்து உரியும். நம் தெருக்களில் பூ வேலைப்பாடு வெட்டிய வாசல் கதவுகள் இப்போது நிறைய வருகின்றன. வாங்கிய இரண்டாம் ஆண்டில் பூவின் இதழ் ஓரங்களில் மட்டும் துரு இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பெயிண்ட் மட்டம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன், ஓரத்தைத் தேய்த்த பிறகு பூசினார்களா என்று கேட்பது நல்லது.

இழுவிசையும் உப்பும் ஒரே இடத்தில் சந்தித்தால் நடப்பது இன்னொன்று. எவர்சில்வரில் துரு அதிகம் தெரியாமலே மயிரிழை போன்ற விரிசல் உள்ளே ஓடும். சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் என்ற ஊரில் ஒரு நீச்சல் குளத்தின் கனமான கான்கிரீட் கூரையை எவர்சில்வர்க் கம்பிகளில் தொங்கவிட்டிருந்தார்கள். குளத்து நீரில் கலந்த குளோரின் ஆவியாகிக் கம்பிகளின் மேல் படிந்து வந்தது. 1985 மே 9ஆம் நாள் கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். அங்கே இழுவிசை கூரையின் எடையால் வந்தது. வெட்டும் வெப்பம் விட்டுச்செல்லும் இழுவிசைக்கும் உப்பின் கண்ணில் வேறுபாடு கிடையாது. நம் வீட்டு ஜன்னல் கம்பி நாளையே விழுந்துவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். சாதாரண வெப்பநிலையில், திறந்த வெளியில், மழை அவ்வப்போது கழுவிவிடும் இடத்தில் இவ்வகை விரிசல் அரிது. மழை படாமல் உப்பு மட்டும் படியும் மூலைகளும், சூடேறும் உறுப்புகளும், தலைக்கு மேல் பாரம் தாங்குபவையும்தான் கவனிக்க வேண்டியவை.

பாம்பன் பாலத்தைக் கடக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலத்தில், துருவைச் சுரண்டி வண்ணம் பூசும் வேலை ஓயாமல் நடந்து வந்தது. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறந்து வைக்கப்பட்ட புதிய பாலம் 2.08 கிலோமீட்டர் நீளம். அது இடைவெளியே இல்லாத ஒரே எஃகுத் துண்டாக இருந்திருந்தால், 30 டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு முக்கால் மீட்டர் நீண்டு குறுகும். அதனால்தான் கண்ணறைகளாகப் பிரித்து, விரிய இடம் விட்டுக் கட்டுகிறார்கள். அதன் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை வைத்து, இணைப்புகளை முழுவதும் வெல்டிங் செய்து, பாலிசிலாக்சேன் என்னும் உப்புத் தாங்கும் பூச்சைப் பூசியிருக்கிறார்கள். வெல்டிங் செய்த இடமும் சூடேறி ஆறிய இடந்தானே? பூச்சுக்குக் கீழே இருக்கும் அந்த ஓரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை பாலம் இருக்கும் வரை இருக்கும்.

ஆசாரி அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவது போல, கரி அதிகமுள்ள எஃகில் லேசர் ஓரம் சடாரென்று ஆறிக் கெட்டிப்பட்டு, நொறுங்கும் தன்மை பெறுவதும் உண்டு. அப்படி வெட்டிய துளையில் மரை போடப் போனால் கருவி முறியும். இதை விரித்தால் தனிக் கட்டுரையாகிவிடும்.

இனி, பரிகாரம். நல்ல பட்டறைக்காரருக்கு இவை தெரியும், நாம் கேட்டால் செய்து தருவார். தகட்டின் ஒரு முனையில் தொடங்கி வரிசையாக வெட்டிக்கொண்டே போகாமல், இங்கொன்று அங்கொன்றாகத் தாவி வெட்டினால் சூடு ஓரிடத்தில் சேராது. உள்ளேயுள்ள துளைகளை முதலில் வெட்டி, வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்ட வேண்டும். நீண்ட பட்டைகளை முழுவதும் பிரிக்காமல், கடுகளவு ஒட்டுகளை ஆங்காங்கே விட்டு, ஆறிய பின் முறித்து எடுக்கலாம். எவர்சில்வருக்கு நைட்ரஜன் ஊதி வெட்டச் சொன்னால் ஓரம் வெள்ளியாகவே வரும். வாயு மிகுதியாகச் செலவாவதால் கூலி கூடும். கடற்கரை வீட்டுக்கு மாலிப்டினம் கலந்த 316 என்ற எண்ணுள்ள வகை, வழக்கமான 304ஐவிட உப்பைத் தாங்கும். அதற்கும் விலை கூடும். கனமான எஃகு உறுப்புகளை ஏறத்தாழ 600 டிகிரி உலையில் வைத்து மெல்ல ஆறவிட்டால் அடைபட்ட தகைவு பெருமளவு தளர்ந்துவிடும். வெப்பம் செய்ததை வெப்பமே அவிழ்க்கிறது, ஆனால் தகடு முழுவதும் ஒன்றாகச் சூடேற வேண்டும், ஒன்றாக ஆற வேண்டும்.

நம் பட்டையைத் திருப்பி அனுப்பினோம். பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. தகட்டை உருளைகளில் மறுபடி விட்டு நேராக்கி, ஒட்டுகள் விட்டு, இரு ஓரங்களையும் சிறு சிறு துண்டாக மாறி மாறி வெட்டி அனுப்பினார். அலுவலகத் தரையில் வைத்துப் பார்த்தோம். அடியில் ஒரு தபால் அட்டையைச் செருக இடமில்லை. கேள்வி கேட்ட மாணவிதான் அட்டையைப் பிடித்தவள். எழுத்துகளின் பழுப்புக் கோடுகளை, இரும்பில் புழங்காத புதிய உப்புத்தாள் கொண்டு தேய்த்து எடுத்தோம். மாதம் ஒருமுறை எட்டாம் வகுப்பு மாணவியர் நல்ல தண்ணீரால் அவற்றைக் கழுவித் துடைக்கிறார்கள். அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது பட்டையின் கீழ் ஓரத்தை உற்றுப் பாருங்கள். சாண் இடைவெளியில் கடுகளவு மேடுகள் தெரியும், ஒட்டுகளை முறித்த இடங்கள் அவை.